குட்டி நாய்க்குத் தாடை எலும்பு நோய்: பல் முளைக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்

லாப்ரடார் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், அந்த ஜாதிக்குச் சாப்பாடு என்றால் உயிர். தட்டுச் சத்தம் கேட்டாலே பாய்ந்து வரும். எங்கள் வெல்லமும் அப்படித்தான் இருந்தாள். நாலு மாதம் முடியும் சமயத்தில் ஒருநாள் காலையில் வழக்கம்போல ஓடிவந்தவள், ஒரு வாய் எடுத்ததும் வீல் என்று கத்திவிட்டுப் பின்னால் போய் நின்றாள். தட்டையே பார்க்கிறாள், வாலும் ஆடுகிறது, கிட்டே மட்டும் வர மாட்டேன் என்கிறாள். பசியில்லாமல் சாப்பிடாத நாய் வேறு, பசித்தும் வாய் வைக்க முடியாத நாய் வேறு. உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் டாக்டரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். "சாப்பிட மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னால் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். "சாப்பிட ஓடி வருது, வாய் வைக்கிறப்போ வலியில கத்துது" என்று சொன்னால்தான் கவனம் வாய்க்குப் போகும்.

வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கிளினிக்கில், பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கிற வயசு, அதனால்தான் என்று சொல்லி ஈறில் தடவ ஒரு ஜெல்லும் ஒரு டானிக்கும் கொடுத்து அனுப்பினார்கள். சொன்னது நம்பும்படியாகவும் இருந்தது. நாலாவது மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரை பல் மாறுவது உண்மைதான். ஆனால் பல் முளைக்கிற குட்டி எதையாவது கடிக்கத்தான் துடிக்கும். செருப்பு, நாற்காலிக் கால், துடைப்பம் எதையும் விடாது. வெல்லமோ அதுவரை கடித்துக் குதறிக்கொண்டிருந்த கயிற்றுப் பொம்மையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். கொட்டாவி வரும்போது வாய் பாதி திறக்கும், அங்கேயே நின்றுவிடும், உடனே ஒரு முனகல். தலையைத் தடவ யார் கையை நீட்டினாலும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வாள். குட்டி கொட்டாவி விடும்போது கத்தினால் அதை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். கிளினிக் மேஜையில் ஏற்றியதும் பயத்தில் எந்த நாயும் வலியைக் காட்டாமல் உறைந்து நிற்கும். பத்து நிமிஷம் பேசிப் புரியவைக்க முடியாததை அந்த வீடியோ காட்டிவிடும்.

அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பான சூடு. வெல்லத்துக்கு 104-ஐத் தாண்டியது. சென்னையில் நாய்க்குக் காய்ச்சல் என்றாலே உண்ணிக் காய்ச்சலாக இருக்குமோ என்றுதான் முதலில் நினைப்பார்கள். இங்கே அது அவ்வளவு சகஜம், அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ட்ரிப்ஸ் ஏற்றினார்கள், டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஆரம்பித்தார்கள், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கியது, குட்டி கொஞ்சம் கஞ்சியும் குடித்தாள். மருந்து வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் நிம்மதி. இரண்டு வாரம் கழித்து அதே காய்ச்சல் திரும்ப வந்தது, முன்பைவிட வலி அதிகம். வெல்லத்துக்கு உண்மையில் வந்திருந்த தாடை எலும்பு நோயில் காய்ச்சலும் வலியும் அலை அலையாக வந்து தானாகவே இறங்கும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இறங்குகிற சமயத்தில் எந்த மருந்து கொடுத்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். ரத்த ரிப்போர்ட்டில் உண்ணிக் காய்ச்சலுக்கான கிருமி எதுவும் தெரியவில்லை, பிளேட்லெட்டும் சரியாகவே இருந்தது. ஆனாலும் அதே மருந்து நீண்டது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, "இதுல உண்ணிக் காய்ச்சல்னு எது காட்டுது டாக்டர்?" என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. அந்தச் சுற்றுக்கு மட்டும் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் போனது.

என் கணவருக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் ஆவடிக்கு வருவார். வீட்டில் நானும் ஏழாவது படிக்கும் மகளும்தான். வெல்லத்துக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தபோது எல்லாமே மாறிப்போனது. வாயோரம் நூலாக வழிந்து, நெஞ்சு முடியெல்லாம் நனைந்து பிசுபிசுத்துக் கிடக்கும். தரையில் அவள் படுத்து எழுந்த இடமெல்லாம் ஈரம். மகள் வாயைத் துடைத்துவிடப் போனபோது வலியில் சட்டென்று திரும்பியவளின் பல், விரலில் கீறிவிட்டது. எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "ஏம்மா, எச்சி ஒழுகுது, கடிக்குது, தண்ணி குடிக்க மாட்டேங்குது, எனக்கென்னவோ பயமா இருக்கு" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. வெறிநாய் நோய் வந்துவிட்டால் அதற்கு வைத்தியம் கிடையாது என்பது யாருக்குத்தான் தெரியாது? வெல்லத்துக்கு மூன்று மாதத்தில் தடுப்பூசி போட்டிருந்தோம். இருந்தும் மகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். கீறலைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டுத்தான் கிளம்பினோம். அங்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசியான ஏ.ஆர்.வி.யை இலவசமாகவே போட்டார்கள், அட்டவணைப்படி எல்லா ஊசியையும் போட்டு முடித்தோம். இந்த விஷயத்தில் "நம்ம வீட்டு நாய்தானே" என்ற பேச்சே வேண்டாம். எச்சில் ஒழுகி, தாடை சரியாக அசையாத எந்த நாயின் வாயிலும் வெறும் கையை விடாதீர்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். காரணம் என்ன என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்துப் போனது இருபத்துநாலு மணிநேர மருத்துவமனை ஒன்றுக்கு. தொண்டையில் ஏதாவது சிக்கியிருக்கும் என்று வாயைப் பலவந்தமாகத் திறக்கப் பார்த்தார்கள். அவள் போட்ட அலறல் வெளியே காத்திருந்தவர்களையெல்லாம் எழுந்து நிற்க வைத்தது. தாடை திறக்காத நாயின் வாயை இழுத்துத் திறக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். திறந்து பார்க்கத்தான் வேண்டும் என்றால் மயக்கம் கொடுத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மயக்கம் கொடுக்கும் முன்பே, "வாய் இவ்வளவுதான் திறக்குது" என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூச்சுக்குழாய் போடுவதில் சிரமம் வரலாம் என்பதால் அவர்கள் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

அதே இடத்தில் ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். அதற்கு முந்தின நாள்தான் பக்கத்துக் கிளினிக்கில் வலிக்கு மெலாக்சிகாம் போட்டிருந்தது. சீட்டு பையிலேயே இருந்தது, யாரும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் அவள் போன மலம் தார் நிறத்தில் இருந்தது. வலி மருந்தும் ஸ்டீராய்டும் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்தால் இரைப்பையில் புண்ணாகி ரத்தம் கசியும், அந்த ரத்தம்தான் கறுப்பாக வெளியே வருகிறது. அதற்குத் தனியாக ட்ரிப்ஸ், வயிற்று மருந்து, இன்னொரு ஆறாயிரம். எந்த டாக்டரிடம் போனாலும் கேட்கும்வரை காத்திருக்காமல் பழைய சீட்டுகளை மேஜையில் வைத்துவிடுங்கள். அன்றிலிருந்து நான் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, காய்ச்சல், எடை, எவ்வளவு சாப்பிட்டாள், என்ன மருந்து எத்தனை மணிக்கு, மலம் எப்படி. கடைசியில் நோயைக் கண்டுபிடித்தவர் முதலில் புரட்டிப் பார்த்தது அந்த நோட்டைத்தான்.

இதற்குள் அவள் முகமே மாறியிருந்தது. நெற்றியின் இரண்டு பக்கச் சதையும் வற்றி மண்டை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது, கீழ்த்தாடை மட்டும் இரண்டு பக்கமும் தடித்திருந்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலால் மெல்லத் தடவினால் எலும்பு கல்லுப் போல மேடாகத் தட்டுப்பட்டது. அந்த மருத்துவமனையில் ஒருவர், "இது தேறாது மேடம், கஷ்டப்படுத்தாதீங்க, ஊசி போட்டுடலாம்" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். என்ன நோய் என்றே தெரியாமல் உயிரை எடுக்கும் ஊசிக்கு எப்படிச் சம்மதிப்பது? ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு வரும் வழியெல்லாம் அழுதேன். என்ன நோய் என்று பெயர் தெரியாதவரை, இன்னொரு டாக்டர் பார்க்காதவரை, யார் சொன்னாலும் அந்த முடிவுக்குப் போகாதீர்கள். இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விடிகாலையில் கிளம்பிப் போனோம். கூட்டம் இருக்கும், ஆட்டுக்குட்டியிலிருந்து கிளி வரை வரிசையில் நிற்கும், பொறுமை வேண்டும். படிக்கும் மாணவர்கள் முதலில் பார்த்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள், பிறகு பேராசிரியர் வந்தார். நோட்டைப் பார்த்தார், வீடியோவைப் பார்த்தார், இரண்டு விரலால் தாடையின் கீழ் ஓரத்தை வருடினார். "தலைக்கு எக்ஸ்-ரே எடுத்தாங்களா?" என்றார். அதுவரை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் எடுத்திருந்தார்கள், தலைக்கு யாரும் எடுக்கவில்லை. லேசான மயக்கத்தில் எடுத்த படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். வழுவழுவென்று கோடாகத் தெரிய வேண்டிய கீழ்த்தாடை எலும்பு, பூச்சு சரியாக ஒட்டாத சுவர் மாதிரி திட்டுத்திட்டாக இருந்தது. எலும்புக்கு மேல் தேவையில்லாத புது எலும்பு வளர்ந்திருக்கிறது, இரண்டு பக்கமும். காதுக்குக் கீழேயும் கொஞ்சம் இருந்தது. நோயின் பெயர் க்ரேனியோமாண்டிபுலர் ஆஸ்டியோபதி, சுருக்கமாக சி.எம்.ஓ.

அவர் சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இது தொற்று நோயோ புற்றுநோயோ கிடையாது. பெரும்பாலும் மூன்று மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் ஆரம்பிக்கும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வெஸ்ட் ஹைலேண்ட் ஒயிட் டெரியர், கெயர்ன் டெரியர், ஸ்காட்டிஷ் டெரியர் ஆகிய மூன்றுக்கும்தான் அதிகம் வரும். அதனால் வெளிநாடுகளில் இதற்கு "வெஸ்டி ஜா" என்றே ஒரு பெயர் உண்டு. லாப்ரடார், டாபர்மேன், கிரேட் டேன், பாக்ஸர் போன்றவற்றுக்கும் அபூர்வமாக வரும். அந்த டெரியர்கள் நம் ஊரில் அதிகம் இல்லாததால் நோயும் பலருக்குப் பழக்கமில்லை. பரம்பரையாக வருவது. 2016-இல் பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அந்த மூன்று டெரியர் வகைகளிலும் எஸ்.எல்.சி.37ஏ2 என்ற மரபணுவில் உள்ள பிழைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கைக்குழந்தைகளுக்கு வரும் கேஃபி நோய் என்ற எலும்பு நோயோடு இது ஒத்துப்போகிறது என்பதும் அந்த ஆராய்ச்சியில் வந்தது. எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்த செய்தி வேறு. நாய் வளர்ந்து முடியும்போது, சுமார் பதினொன்று பதின்மூன்று மாதத்தில், இந்த எலும்பு வளர்ச்சி நின்றுவிடும். வளர்ந்த எலும்பும் பல நாய்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதுவரை வலியைக் குறைத்து வயிற்றை நிரப்பி வைத்திருந்தால் போதும்.

எல்லா நாய்க்கும் அப்படி நல்லபடியாக முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். தாடை எலும்பில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் தேறிவிடும். தாடை மண்டையோடு சேரும் மூட்டைச் சுற்றி வளர்ந்து மூட்டே இறுகிவிட்டால் வாய் நிரந்தரமாகத் திறக்காமல் போகலாம். ஆகவே எக்ஸ்-ரே பார்க்கும்போது "மூட்டுப் பக்கம் எப்படி இருக்கு?" என்று தனியாகக் கேளுங்கள். வெல்லத்துக்கு மூட்டு பெரிய அளவில் பாதிக்கப்படவில்லை.

மருந்து என்று பார்த்தால் வலிக்கும் வீக்கத்துக்கும்தான். வயிற்றுப் புண் ஆறும்வரை காத்திருந்து, எடைக்கு ஏற்ற அளவில் மெலாக்சிகாம் சொட்டு மருந்து கொடுத்தார். அது போதாமல் போனபோது, அதை நிறுத்தி இடைவெளி விட்ட பிறகுதான் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டுக்கு மாற்றினார். ஸ்டீராய்டு சாப்பிடும் குட்டி தண்ணீரை மாந்தும், சிறுநீரை அடக்க முடியாது. ராத்திரியில் மூன்று தடவை எழுப்பினாலும் திட்டாதீர்கள், அது மருந்து செய்யும் வேலை. டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், நன்றாக இருக்கிறதே என்று ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. தடுப்பூசி பாக்கி இருந்தால் அதை எப்போது போடலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வலியில் துடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்கத் தோன்றும். நாம் சாப்பிடும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், பாராசிட்டமால் எதையும் கொடுக்காதீர்கள், நாயின் குடலும் சிறுநீரகமும் ஈரலும் அதைத் தாங்காது. அடுத்தது கால்சியம். குட்டியை விற்றவர் முதல் பார்க்கில் பார்ப்பவர்கள் வரை எல்லோரும் "எலும்புப் பிரச்சினையா, கால்சியம் சிரப் ஊத்துங்க" என்றார்கள். இது கால்சியம் குறைவால் வருவதே இல்லை. பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு அளவுக்கு மீறின கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கவும் செய்யும்.

சாப்பாட்டு விஷயம்தான் என்னை மிகவும் படுத்தியது, அங்கேதான் நிறையக் கற்றுக்கொண்டேன். வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கும், ஆனால் நாக்கு வெளியே வரும். ஆகவே எல்லாமே நக்கிச் சாப்பிடும் பதத்தில் இருக்க வேண்டும். குட்டிகளுக்கான டிரை ஃபுட்டை வெந்நீரில் ஊறவைத்து, வெந்த கோழியும் கொஞ்சம் ஈரலும் அவித்த முட்டையும் சேர்த்து மிக்ஸியில் விழுதாக அரைப்பேன். வெங்காயம், பூண்டு இல்லாமல் எடுத்த கோழி வேகவைத்த தண்ணீரை விட்டு இட்லி மாவுக்கும் கொஞ்சம் நெகிழ்வாகக் கரைப்பேன். வெறும் கஞ்சியாகக் கொடுத்தால் வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. வளர்கிற குட்டிக்குக் கோழி, முட்டை மாதிரி சத்தானது கட்டாயம் வேண்டும். ஆழமான கிண்ணம் வேண்டாம், தட்டையான தாம்பாளத்தைச் சின்ன முக்காலி மேல் வைத்தால் கழுத்தைக் குனியாமல் நக்குவாள். வலி மருந்து கொடுத்து ஒரு மணிநேரம் கழித்து, வலி அடங்கியிருக்கும்போது முக்கியமான வேளைச் சாப்பாட்டைக் கொடுப்பது நல்ல பலன் தந்தது. மருந்தையும் வெறும் வயிற்றில் கொடுக்கக்கூடாது என்பதால் முதலில் நாலு நக்கு, பிறகு மருந்து, பிறகு சாப்பாடு என்று வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளை கொஞ்சம் கொஞ்சமாக.

சிரிஞ்சில் ஊட்ட வேண்டி வந்த நாட்களும் உண்டு. ஊசியில்லாத சிரிஞ்சை முன்பல்லுக்கு நேராக நுழைக்காமல் கன்னத்தோரப் பையில் வைத்து, சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. தலையை மேலே தூக்கிப்பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும், அது உயிருக்கே ஆபத்து. தண்ணீரும் குடிக்காமல், சாப்பாடும் இறங்காமல் ஒரு நாள் முழுக்கப் போனால் வீட்டில் போராடாமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மோசமான நிலையில் கழுத்து வழியாக உணவுக் குழாய் வைத்து ஊட்டும் வழி இருக்கிறது. எங்களுக்கு அதுவரை போகவில்லை, ஆனால் அப்படி ஒன்று உண்டு என்று தெரிந்திருப்பதே தைரியம் தரும். வாரத்துக்கு இருமுறை அவளைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, என் எடையைக் கழித்துப் பார்ப்பேன். அந்த எண் இறங்கினால் டாக்டருக்குப் போன்.

கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு மார்போடு மாட்டும் ஹார்னஸ் வாங்கினோம். கயிறு இழுக்கும் விளையாட்டு, எலும்பு, கடிக்கும் பொம்மை எல்லாம் உள்ளே போயின. வருகிறவர்கள் எல்லாம் தலையில்தான் கை வைப்பார்கள், அதனால் நானே முன்னால் நின்று தடுப்பேன். முதுகிலும் நெஞ்சிலும் தடவினால் அவளுக்கு இதமாக இருந்தது. குட்டிக்கு வாய்க்கு ஏதாவது வேலை வேண்டும் என்பதால் தட்டில் தயிரைத் தடவி ஃப்ரீசரில் உறையவைத்துக் கொடுப்பேன். குளிர்ச்சி அவளுக்குப் பிடித்திருந்தது, அரைமணி நேரம் நிம்மதியாக நக்கிக்கொண்டிருப்பாள்.

நான் வேலை பார்த்தது ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில். லீவு தீர்ந்து சம்பளப் பிடித்தத்தில் போனது. நோய் தெரிவதற்கு முன்னால் மட்டும் முப்பதாயிரம் தாண்டியிருந்தது, தெரிந்த பிறகு மாதா மாதம் மருந்தும் சாப்பாடும் இரண்டு மூன்றாயிரத்தில் அடங்கியது. அந்த முதல் முப்பதாயிரத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது, பணத்துக்காக அல்ல. அத்தனை வாரமும் அவளுக்குச் சரியான வலி மருந்து தொடர்ந்து கிடைக்கவில்லை என்பதற்காக. "ஒரு நாய்க்குப் போய் இவ்வளவா" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். பதில் சொல்லத் தெம்பில்லாமல் இருந்த நாட்கள் அவை. காய்ச்சல் அலை வரும் ராத்திரிகளில் அவள் தலையைச் சுவரில் சாய்த்தபடி உட்கார்ந்தே இருப்பாள், படுத்தால் தாடை தரையில் படும் என்று. மெத்தென்ற துணியை வளையமாகச் சுருட்டி அதன்மேல் தலை வைக்கக் காட்டிக்கொடுத்த பிறகுதான் தூங்கினாள்.

எட்டாவது மாதத்தில் அலைகளுக்கு நடுவிலான இடைவெளி கூடியது. பத்தாவது மாதத்தில் மருந்தில்லாமல் ஒரு முழு மாதம் ஓடியது. வாய் திறப்பு மெல்ல மெல்லக் கூடியதை மகள் விரல் வைத்து அளந்து நோட்டில் எழுதுவாள். ஒரு வயதில் எடுத்த எக்ஸ்-ரேயில் எலும்பின் ஓரம் சீராகிக்கொண்டு வந்தது தெரிந்தது. கீழ்த்தாடையில் இன்னும் ஒரு மேடு தட்டுப்படுகிறது, அது அப்படியே இருந்துவிடலாம் என்றார்கள். வாய் முழுதாகத் திறக்காவிட்டாலும் டிரை ஃபுட்டை இப்போது கடித்தே சாப்பிடுகிறாள். எலும்பு மட்டும் இன்றுவரை கொடுப்பதில்லை.

கருத்தடை அறுவை செய்துவிட்டோம். பரம்பரை நோய் என்று தெரிந்த பிறகு, எத்தனை அழகான குட்டி போடும் என்று யார் ஆசை காட்டினாலும் அந்த வழிக்குப் போகக்கூடாது. குட்டியை விற்றவரிடமும் சொன்னேன், அதே ஜோடியைத் திரும்பச் சேர்க்காதீர்கள், கூடப் பிறந்த குட்டிகளை வாங்கியவர்களுக்குத் தகவல் கொடுங்கள் என்று. முதலில் கோபப்பட்டார், எக்ஸ்-ரே படத்தை அனுப்பியதும் அமைதியானார், இரண்டு பேரின் எண்ணைத் தந்தார். ஒரு வீட்டில் குட்டி நன்றாக இருக்கிறது. இன்னொரு வீட்டில், தம்பி ஒருத்தர், "அக்கா, நம்மளதும் கொட்டாவி விடும்போது கத்துது, பல்லுன்னு சொன்னாங்க" என்றார். தலைக்கு எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லி அனுப்பினேன். நோட்டின் பக்கங்களையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.